உங்கள் காதுக்குள் ஒரு நோர்வே படம்

அண்ணை,

நேற்றுப் பின்னேரம் பாரிஸ் லா ஷப்பலில், நம் தமிழ்க் கடைத்தெருவில், மரக்கறிக் கடை வாசலில் ஒருவர் நின்றபடியே கிளமொந்தீன் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். குளிருக்குள் அந்த வாசம் எவ்வளவு தூரம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது நத்தார்க் கால வாசம். எனக்கு உங்கள் வாசம். வந்த எரிச்சலில், வாங்க வந்த முருங்கைக்காயையும் மறந்து நேரே மெத்ரோவுக்கு நடந்துவிட்டேன்.

பதினாறு வருடம் திங்கட்கிழமைதோறும் இருட்டில் உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் நான். படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு கிளமொந்தீனை எடுப்பீர்கள். மெல்ல உரிப்பீர்கள். சுளை உங்கள் வாய்க்கு, தோல் என் கைக்கு. ஒரு கையில் தோலை ஏந்திக்கொண்டு, மற்றக் கையால் வாயை மறைத்துக்கொண்டு, சுவீடன்காரர் பேசியதையெல்லாம் நான் உங்கள் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பேன். 'இந்தாரும் பிள்ளை, ஒரு சுளை' என்று ஒரு நாளாவது நீட்டியிருப்பீர்களா? உங்கள் நினைவு மலரைத் தொகுத்தவர்கள் என்னிடமும் இரண்டு பக்கம் கேட்டார்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கோ என்றார்கள். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். நேரம் இருந்தது. நல்லதாக நாலு வார்த்தைதான் இருக்கவில்லை. இருக்கிற வார்த்தைகளை உங்களுக்கே எழுதுகிறேன்.

நாம் முதலில் சந்தித்தது படமாளிகையில் இல்லை, உங்கள் அகதி விசாரணையில். மன்னாரில் இருந்து பன்னிரண்டு வயதில் வந்து இங்கே பள்ளிக்கூடம் போனதால் எனக்குப் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. மொழிபெயர்ப்பு வேலை தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்த வேலையில் ஒரு கட்டாயம் உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றே சொல்லவேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று தள்ளி நின்று சொல்லக்கூடாது. யாழ்ப்பாணத்தில் நீங்கள் ஒளிந்திருந்த வீடு, உங்களைக் கொண்டுபோன ஜீப், கொழும்பில் பதுங்கிக் கிடந்த அறை எல்லாமே அன்றைக்கு என் வாயில் 'நான்' ஆகித்தான் பிரெஞ்சுக்குப் போனது. வெளியே படிக்கட்டில் நின்று என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா?

"பிள்ளை, நீர் கதைக்கேக்கை நானே பிரெஞ்சு கதைக்கிற மாதிரி இருந்தது."

அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான்! நீங்கள் அன்றைக்கே உங்களுக்கு ஒரு வாய் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

சினிமாப் பித்து உங்களுக்கு எப்படிப் பிடித்தது என்று தமிழ்ச் சிற்றிதழ்களில் வந்த உங்கள் கட்டுரைகளில் விதம்விதமாக எழுதியிருக்கிறீர்கள். உண்மை சின்னது. ரெஸ்தோறோங்கில் கோப்பை கழுவுகிற உங்களுக்குத் திங்கட்கிழமை லீவு. வீட்டில் ஆறு பேர் ஒரே அறை. பல்கலைக்கழகத்துப் பக்கம் இருந்த அந்தச் சின்னப் படமாளிகையில் திங்கட்கிழமை இரண்டு மணிக்கு வடநாட்டுப் பழைய படங்கள் காட்டுவார்கள், உள்ளே சூடு போட்டிருப்பார்கள். குளிருக்கு ஒதுங்கப் போனீர்கள். போன நாளில் ஓடியது சுவீடனின் மௌனப் படம். பனி, மலை, ஓடிப்போகிற ஒரு சோடி, பின்னால் துரத்திவரும் ஊர். பேச்சில்லாதபடியால் எல்லாமே உங்களுக்கு விளங்கியது. அடுத்த கிழமையும் போனீர்கள். டென்மார்க்காரன் முதல் உலகப் போருக்கு முன்னமே உலகம் முழுக்கப் படம் விற்றான் என்று அங்கேதான் அறிந்தீர்கள். மலையையும் கடலையும் ஒரு பாத்திரமாக நடிக்கவைத்தவன் சுவீடன்காரன் என்று அங்கேதான் கண்டீர்கள்.

பிறகு பேசும் படம் வந்தது. சின்ன மொழிக்காரருக்கு அது பேரிடி. மௌனமாக இருந்தவரைக்கும் உலகச் சந்தையில் ராசா மாதிரி இருந்தவன், வாய் திறந்ததும் ஒரு சின்ன நாட்டுக்காரன் ஆனான். நல்ல இயக்குநர்களும் நடிகைகளும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். இதை நீங்கள் எவ்வளவு அழகாக எழுதினீர்கள்! ஆனால் அதே பேரிடி உங்கள் தலையிலும் விழுந்ததை எழுதவில்லை. அந்தப் படமாளிகையும் மௌனப் படங்களை முடித்துக்கொண்டு பேசும் படங்களுக்கு வந்துவிட்டது. கீழே பிரெஞ்சு எழுத்து ஓடும். நீங்கள் முதல் வரியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் மூன்றாவது வரி போய்விடும். அந்தக் கிழமைதான் லா ஷப்பலில் என்னைத் தேடி வந்தீர்கள்.

"பிள்ளை, திங்கக்கிழமை உமக்கும் லீவுதானே? ஒரு படத்துக்கு வாரீரோ? சும்மா பக்கத்திலை இருந்து என்ன கதைக்கினம் எண்டு சொன்னால் காணும்."

சும்மாவாம்.

வேலைப் பழக்கத்தில் அங்கேயும் 'நான்' என்றுதான் சொன்னேன். அதுதான் எனக்கு வந்தது. திரையில் ஒரு போதகர் தேவாலயத்தில் நின்று கடவுள் இல்லை என்று சொன்னால், நான் உங்கள் காதுக்குள் "கடவுள் இல்லை எண்டு எனக்கு இப்ப தெரியும்" என்பேன். சொல்லிவிட்டு இருட்டில் சிலுவை போட்டுக்கொள்வேன். நீங்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பீர்கள். சுவீடன்காரர்கள் படத்துக்குப் படம் கடவுள் ஏன் பேசவில்லை என்று கேட்டார்கள். அத்தனை கேள்வியையும் ஞாயிறு பூசைக்குப் போகிற என் வாயால்தான் கேட்டார்கள். ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமே சொன்னேன், கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டேன் சுவாமி என்று. "எங்கை சொன்னனீர்?" என்றார். "படத்திலை" என்றேன். "நீர் நடிக்கிறனீரோ?" என்று கேட்டார் மனுசன்.

முன்னுக்கு இருந்த பிரெஞ்சுக் கிழவிகள் திரும்பித் திரும்பி உஸ் உஸ் என்றார்கள். ஒரு நாள் ஒருத்தி எழுந்து போய் ரிக்கற் கிழிக்கும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் குனிந்து, மதாம், கடைசி வரிசையின் வலது மூலையில் இரண்டு கதிரை இருக்கிறது, இனிமேல் அங்கே இருங்கள் என்று மரியாதையாகச் சொன்னாள். வெட்கத்தில் என் முகம் எரிந்தது. நீங்கள் படத்தில் இருந்து கண்ணை எடுக்கவேயில்லை. "அவள் என்ன சொல்லுறாள்?" என்று கேட்டீர்கள். கேட்டது திரையில் அழுதுகொண்டிருந்த பெண்ணைப் பற்றி!

டென்மார்க்கில் சிலர் இனி விளக்குப் போடமாட்டோம், கமராவைக் கையில்தான் பிடிப்போம், இசை சேர்க்கமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் படம் எடுத்தார்கள் அல்லவா? அந்தப் படங்களில் ஒன்றை முதலில் பார்த்த அன்று, ஆடுகிற படத்தில் எனக்குத் தலை சுற்றியது. "இதென்ன அண்ணை, எங்கடை சாமத்தியச் சடங்கு வீடியோக்காரன் இதை முதலே கண்டுபிடிச்சிட்டானே" என்றேன். சிரித்தீர்கள். இரண்டு மாதம் கழித்து உங்கள் கட்டுரையில் அதே பகிடி, அதே சொல், உங்கள் பகிடியாக வந்திருந்தது. கனடாவில் இருந்து ஒருவர், என்ன நகைச்சுவை, என்ன பார்வை என்று வாசகர் கடிதம் எழுதினார்.  அண்ணைதானே என்று விட்டுவிட்டேன்.

பகிடி போனால் போகட்டும், அந்த நோர்வே படத்துக்கு வருகிறேன்.

உங்கள் அம்மா யாழ்ப்பாணத்தில் காலமாகி முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கிழமை அது. உங்களால் போகமுடியவில்லை. அகதிப் பயணப் பத்திரத்தில் உலகம் முழுக்கப் போகலாம், சொந்த நாட்டுக்கு மட்டும் போகக்கூடாது என்று அச்சடித்திருக்கும். ஸ்தேன் புறநகரில் உங்கள் வீட்டில் அம்மாவின் படத்துக்கு மாலை போட்டு, நல்லெண்ணெய் விளக்கேற்றி, மொட்டையடித்துக்கொண்டு இருந்தீர்கள். "இந்தத் திங்கள் விடுங்கோ அண்ணை" என்றேன். கேட்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். நம் இருவருக்கும் படத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

நோர்வேயின் வடக்குக் கரை. மீன் வெட்டும் தொழிற்சாலையில் ஒருத்தி வேலை செய்கிறாள். தாயின் அடக்கத்துக்கு அவள் போகவில்லை. பனி முடிந்து, தமையன் அவளைத் தேடி வந்து, ஏன் வரவில்லை என்று கேட்கிறான். அவள் கத்தியைத் துடைத்துவிட்டு ஏதோ சொல்கிறாள். கீழே எழுத்து ஓடியது. நான் வாசித்தேன். தாய் செத்ததே தனக்குப் பெரிதில்லை என்கிற மாதிரி, கல்நெஞ்சுக்காரியின் பேச்சு அது. திரும்பி உங்களைப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தீர்கள். மொட்டைத் தலையில் திரையின் வெளிச்சம். காதை என் பக்கம் சாய்த்துக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தீர்கள். 'நான்' என்று தொடங்கி அதை எப்படி உங்கள் காதுக்குள் விடுவது?

நான் சொன்னது இது: "பாதை பனியாலை மூடிக் கிடந்தது எண்டு அம்மாவுக்குத் தெரியும். அவ என்னிலை கோவிக்கேல்லை."

அப்படியே உடைந்துபோனீர்கள். அன்றைக்கு முதல் தடவையாக எங்களுக்கு முன்னால் இருந்த கிழவி திரும்பிப் பார்த்து உஸ் என்று சொல்லவில்லை. ஒரு கடதாசி ரூமால் நீட்டினாள். என் வேலையில் ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது. மாற்றினால் ஒருவருடைய உயிர் போகலாம். அதுவரைக்கும் எங்கேயும் நான் மாற்றியதில்லை, அதற்குப் பிறகும் இல்லை. அந்த ஒரு திங்கட்கிழமை மட்டும்தான். நீங்கள் அழுது முடிக்கட்டும், அடுத்த கிழமை உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமைக்குள் நீங்கள் கட்டுரையை எழுதி முடித்துவிட்டீர்கள்.

அதுவும் என்ன கட்டுரை! வடநாட்டுச் சினிமா குளிர்ந்த சினிமா என்று உலகம் சொல்வது பிழை, அது மன்னிக்கிறவர்களின் சினிமா என்று தொடங்கினீர்கள். பனி அங்கே தண்டனை இல்லை, போகமுடியாமல் போனவனுக்குப் பனிதான் சாட்சி என்றீர்கள். மௌனப் படக் காலத்தில் இருந்து கையில் கமரா பிடித்தவர்கள் வரைக்கும் எல்லோரையும் அந்த ஒரு கயிற்றில் கட்டினீர்கள். நடுவில் என் பொய் இருந்தது, மேற்கோள் குறிக்குள், தடித்த எழுத்தில். சனம் அழுதுகொண்டு வாசித்தது. ஊருக்குப் போகமுடியாமல் தாய் தகப்பனைப் பறிகொடுத்த சனம் அல்லவா? லண்டனில் ஒருவர் அந்த வசனத்தைத் தன் தகப்பனின் அந்தியேட்டி நினைவு மலரில் போட்டார். அந்த மலரை எனக்குக் காட்டி, "பாத்தீரோ பிள்ளை, ஒரு வசனம் என்ன செய்யுது எண்டு" என்றீர்கள்.  அப்போது எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அது என் பிழை. அதை உங்கள் தலையில் கட்டமாட்டேன்.

உங்கள் பிழை வேறு.

கட்டுரைகள் புத்தகமாகி, லா ஷப்பலுக்குப் பக்கத்து மண்டபத்தில் வெளியீடு வைத்தீர்கள். மூன்றாம் வரிசையில் நான் சேலை கட்டிக்கொண்டு இருந்தேன். புத்தகத்தைத் தந்தவுடன் முதலில் நன்றிப் பக்கத்தைத்தான் திறந்தேன், பொய் சொல்வானேன். மண்டபம் தந்தவர் இருந்தார். அட்டைப்படம் கீறியவர் இருந்தார். மிக்சர் பொட்டலம் தந்த கடைக்காரர் இருந்தார். நான் இல்லை. சரி, மேடையில் சொல்லுவார் என்று என்னை நானே சமாளித்துக்கொண்டேன். கேள்வி நேரத்தில் ஒஸ்லோவில் இருந்து வந்த ஒருவர் எழும்பினார்.

"ஐயா, நான் இருவது வருசமா நோர்வேயிலை இருக்கிறன். எனக்கே அவையின்ரை பழைய படங்களிலை பாதி விளங்காது. உங்களுக்கு நோர்வே பாஷையும் தெரியாது. எப்பிடி உங்களாலை இவ்வளவு நுணுக்கமா எழுத ஏலுது?"

அவர் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை என்பதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம். உங்கள் கண் மூன்றாம் வரிசைக்கு வந்தது. என்னைப் பார்த்தீர்கள், அண்ணை. பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பார்த்துவிட்டு, ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்துச் சொன்னீர்கள்:

"பாக்கத் தெரிஞ்சவனுக்குப் பாஷை தேவையில்லை, தம்பி."

மண்டபம் கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்த உங்கள் மனைவி கைதட்டவில்லை. அக்கா என் முழங்கையைப் பிடித்தா. நான் கையை எடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை ஒன்றும் நடக்காத மாதிரித் தொலைபேசி எடுத்தீர்கள். "பிள்ளை, திங்கள் டென்மார்க் படம். வாரீர்தானே?" "பாக்கத் தெரிஞ்சவருக்கு நான் எதுக்கு அண்ணை?" என்றேன்.  தொலைபேசியை வைத்துவிட்டீர்கள். மன்னியும் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால், நான் இருக்கிற இருப்புக்கு, அடுத்த திங்களே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருப்பேன். மன்னிப்பைப் பற்றி இருநூறு பக்கம் எழுதிய மனிதனின் வாயில் அந்த ஒரு சொல் வரவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் எழுதியதெல்லாம் மௌனப் படங்களைப் பற்றித்தான். மூலத்துக்குத் திரும்பினார், சொல்லைத் துறந்த துறவி என்றெல்லாம் சனம் புகழ்ந்தது. நான் வீட்டில் இருந்து சிரித்தேன். துறவியாம்! பக்கத்துக் கதிரை காலியாகப் போனால் வேறு எதைப் பார்ப்பது? பின்லாந்துப் படங்களில்தான் ஆட்கள் பேசுவது குறைவு, அதையாவது பார்த்து எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் உங்களுக்கு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. ஒன்பது வருடம். ஒரே தெருவில் சாமான் வாங்கினோம். நீங்கள் வலப்பக்க நடைபாதை, நான் இடப்பக்கம்.

வசந்தத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். சென்ற ஒக்டோபரில் உங்கள் மகள் சிந்துஜா என்னைத் தேடி வந்தாள். லா ஷப்பல் சாப்பாட்டுக் கடையில் இருந்தோம். உங்கள் நாடி, உங்கள் மூக்கு, வாயைத் திறந்தால் பாதி பிரெஞ்சு. உங்கள் புத்தகத்தை அவள் பிரெஞ்சில் மொழிபெயர்க்கிறாளாம். பதிப்பாளர் ஒருவர் சம்மதித்துவிட்டாராம். மேற்கோள் காட்டிய வசனம் ஒவ்வொன்றையும் படத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டுமாம். ஒரு படம் விடாமல் தேடிப் பார்த்திருக்கிறாள்.

"எல்லாம் எக்ஸாக்ட், அன்ரி. ஒரு சொல் பிசகேல்லை. நான் நம்பவேயில்லை, அப்பாவுக்கு உவ்வளவு பிரெஞ்சு தெரியாதெண்டு எனக்குத் தெரியும். ஒண்டு மட்டும் இல்லை."

எது என்று எனக்குத் தெரியும்.  ஆனால் அந்தப் பயம் வருவதற்கு முதல் வேறொன்று நடந்தது. எல்லாம் எக்ஸாக்ட் என்றாளே, அது என்னைப் பற்றி ஒருத்தி சொன்ன முதல் மதிப்புரை. சொல்கிறவளுக்கு அது தெரியாது. தேத்தண்ணியைக் குடிக்கிற சாட்டில் முகத்தைக் குனிந்துகொண்டேன்.

அவள் பையில் இருந்து உங்கள் கொப்பிகளை எடுத்து மேசையில் வைத்தாள். நீலக் கோட்டுக் கொப்பிகள். நாம் படம் பார்த்து வந்த பிறகு நீங்கள் எழுதியவை. ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் உங்கள் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: பிள்ளை சொன்னது. பிள்ளை சொன்னது. பிள்ளை சொன்னது. பக்கத்துக்குப் பக்கம். அச்சுக்குக் கொடுக்கிற படியில் மட்டும் அதைப் பேனையால் வெட்டியிருந்தீர்கள். அழகாக, அளவுகோல் வைத்து.

"ஆர் இந்தப் பிள்ளை எண்டு அம்மாட்டைக் கேட்டன். அன்ரியைப் போய்க் கேள் எண்டா" என்றாள்.

இவ்வளவு நாளும் நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பெரிய மனுசன், மறதி, தலைக்கனம், போகட்டும் என்று. மறக்கவேயில்லை நீங்கள். அளவுகோல் வைத்து வெட்டியிருக்கிறீர்கள். 

சிந்துஜா தொலைபேசியில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினாள். கத்தியைத் துடைக்கிற பெண். கீழே பிரெஞ்சு எழுத்து. அவளே தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னாள்: "பாதை திறந்துதான் கிடந்தது. எனக்குப் போக விருப்பமில்லை." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா இதை மாத்திப்போட்டு, அதிலை ஒரு முழுத் தெயொறி கட்டியிருக்கிறார். பதிப்பாளரிட்டை நான் என்ன சொல்ல? அப்பா ஒரு மொந்தேரோ அன்ரி? பொய்யரோ?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். யோசித்துப் பாருங்கள் அண்ணை. ஒன்பது வருடம் நான் கனவு கண்ட சந்தர்ப்பம், உங்கள் மகளின் உருவத்தில் வந்து, எனக்கு முன்னால் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு இருந்தது. 'உம்முடைய அப்பாவுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது, தனக்குப் பிடித்த மாதிரி எழுதிக்கொண்டார்' என்று சொல்லிவிட்டு எழும்பியிருக்கலாம். உங்கள் புத்தகமும் உங்கள் பெயரும் அந்த மேசையிலேயே முடிந்திருக்கும். அந்தப் பிள்ளையின் கண்ணில் நீங்கள் செத்ததற்குப் பிறகு இன்னொருமுறை செத்திருப்பீர்கள்.

"அது நான் சொன்னது" என்றேன்.

உங்கள் மேல் இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மற்ற எல்லா வசனமும் எழுதியவர்களுடையது. நான் எடுத்துக் கொடுத்தவள் மட்டும். அந்த ஒன்றுதான் என்னுடையது. பகிடியைக் கொண்டுபோனீர்கள், பேச்சைக் கொண்டுபோனீர்கள், அந்தப் பொய்யையும் உங்கள் பேரில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். மொட்டைத் தலையை, தொப்பியை, கிழவி நீட்டிய ரூமாலை. சிந்துஜா அழுதாள், பிறகு மூக்கைச் சீறிவிட்டு உங்களைப் போலவே காரியத்துக்கு வந்தாள். "அப்ப அட்டையிலை உங்கடை பேர் வரவேணும் அன்ரி" என்றாள். வேண்டாம் என்றேன். நன்றிப் பக்கத்தில்? மிக்சர்காரருக்குப் பக்கத்திலா, அதுவும் வேண்டாம். அந்த வசனத்துக்குக் கீழே ஒரு அடிக்குறிப்புப் போடச் சொன்னேன். எழுதி அனுப்பியிருக்கிறாள், முந்தநாள் வந்தது: 'இந்த வசனம் படத்தில் இல்லை. ஒரு திங்கட்கிழமை, நூலாசிரியரின் காதுக்குள் இதைச் சொன்னவர், இந்நூலின் மற்ற வசனங்களையெல்லாம் பிசகில்லாமல் சொன்ன யசிந்தா.' சரி என்று பதில் போட்டேன். என் பெயரை அச்சில் பார்க்கப்போவது அதுதான் முதல் தடவை. அதுவும் ஒரு பொய்க்குக் கீழே. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தேன்.

அந்தப் பதிலைப் போட்டுவிட்டுத்தான் உங்களுக்கு எழுதத் தொடங்கினேன். அவளிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை நான்தான் வைத்திருக்கிறேன், வைத்திருக்கத்தான் போகிறேன்.

பெப்ரவரியில் ஆஸ்பத்திரியில் இருந்து அக்கா தொலைபேசி எடுத்தா. "உம்மைக் கேக்கிறார். இனி நாளில்லை எண்டு டொக்ரர் சொல்லிப்போட்டார். பிள்ளையிட்டை ஒண்டு சொல்லவேணும் எண்டு வாய்க்குள்ளை சொல்லிக்கொண்டு கிடக்கிறார். ஒருக்கா வந்திட்டுப் போமன்" என்றா. அக்காவிடம் வேலை என்று சொன்னேன், அண்ணை. பிறகு காய்ச்சல் என்று சொன்னேன். மூன்றாம் முறை அவ எடுக்கவில்லை. அடக்கத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்குத் தெரியும், உமக்கு வேலை கூட எண்டு. அவர் உம்மிலை கோவிக்கேல்லை" என்றா.

அக்கா எனக்கு அதைச் சொல்லலாம். உங்களுக்கு நான் இனிமேல் பிசகில்லாமல்தான் சொல்லவேண்டும். கார் து நோரில் ரயில் ஏறினால் நீங்கள் கிடந்த சென் தெனி ஆஸ்பத்திரிக்கு எட்டு நிமிடம். அந்தக் கிழமை பனியும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. பாதை திறந்துதான் கிடந்தது, அண்ணை. எனக்கு வர விருப்பமில்லை.